புல்தரை நீங்கலாக

என் லைசென்ஸைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் விரலை வைத்துச் சிரிப்பார்கள். சர்க்கார் பங்களாக்களிலும் கச்சேரிகளிலும் மரம் வைக்கலாம், பாத்தி கட்டலாம், பாதை போடலாம், வேலி அமைக்கலாம் என்று அச்சில் வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே பேனா மையில் இங்கிலீஷில் ஒரு வரி. தமிழில் சொன்னால், ‘புல்தரை நீங்கலாக.’ தோட்டக் கண்டிராக்டருக்குப் புல் மட்டும் போடக்கூடாது என்று ஒரு தடையா என்று கேட்பார்கள். சமையற்காரனிடம் சோறு மட்டும் வடிக்காதே என்று சொன்ன மாதிரி இருக்கிறதே என்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை சொல்லி அனுப்பியிருக்கிறேன். உண்மையில் நடந்தது இதுதான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து சில வருஷங்களில். பாளையங்கோட்டையில் எங்கள் மிஷன் வீடுகளில் ஆண்பிள்ளை பிறந்தால் உபாத்தியாயர், படிப்பு கொஞ்சம் மட்டம் என்றால் குமாஸ்தா. எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். வெயிலில் நின்றால் சௌக்கியமாக இருக்கும். மிஷன் பங்களாக்களுக்குக் குரோட்டன்ஸ் தொட்டி வைப்பதில் ஆரம்பித்து, பிறகு சாலைக்கு வேம்பும் புங்கும் வைத்து, தண்ணீரில்லாத இடத்தில் பச்சை கொண்டுவருகிறவன் என்று ஒரு பெயர் வாங்கிவிட்டேன். தண்ணீர் உள்ள இடத்தில் என்னை யாரும் தேடியதில்லை. தாமிரபரணிக் கரையில் ஒடிந்த குச்சியைக் குத்தினாலே துளிர்க்கிறது, அங்கே கண்டிராக்டர் எதற்கு? என் பிழைப்பெல்லாம் மேட்டிலும் மணலிலும்தான்.

மணல் என்றால் சாத்தான்குளத்துக்குக் கிழக்கே கிடக்கிற தேரி. சிவப்பு மணல், கண்ணுக்கெட்டிய தூரம். காற்றுக் காலத்தில் நேற்றைக்கு வலப்பக்கம் இருந்த மேடு இன்றைக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். பனையும் உடைமரமும் தவிர வேறெதுவும் அங்கே குடியிருக்கச் சம்மதிப்பதில்லை. அந்தத் தேரியின் ஓரத்தில் ஓர் எஞ்சினீயர் துரைக்குப் பங்களா கட்டினார்கள். துரைசானி சீமையிலிருந்து புதிதாக வந்தவள். வந்த அன்று சன்னலைத் திறந்து வெளியே பார்த்தாளாம், உடனே மூடிவிட்டாளாம். பிறகு ஒரு வாரம் திறக்கவேயில்லை என்று பட்லர் சொன்னான்.

எஞ்சினீயர் துரை என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் வரும், ஆனால் நடந்து வராது, நொண்டிக்கொண்டு வரும். “அம்மாவுக்குப் புல் வேணும். வீடு முன்னாலே, பெரிசா. நியூ இயர் டே பெரிய துரை வராங்க. அப்போ பச்சையா இருந்தா, உன் லைசென்ஸில் அவங்க கையெழுத்து வாங்கிக் குடுப்பேன்” என்றார். பெரிய துரை என்றால் ஜில்லாக் கலெக்டர். சரி துரை என்று சொல்லிவிட்டேன். தேரியில் புல்தரை போட முடியுமா என்று அப்போது யோசிக்கவில்லை. லைசென்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் அடைத்துக்கொண்டது.

அதற்குக் காரணம் பக்கத்து ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் மகள். அங்கேயே சின்னப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு வேப்பங்கன்று வைக்கப் போயிருந்தபோது, வரிசை கோணலாகப் போகிறது என்று சன்னல் வழியாகச் சொன்னாள். நின்று பார்த்தேன், கோணல்தான். மறுநாள் ஒரு கன்றை வேண்டுமென்றே கோணலாக வைத்தேன். அதையும் சொன்னாள். இப்படியே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே மரம் வைத்தேன். இன்றைக்கும் அங்கே நல்ல நிழல்.

தலைமையாசிரியரிடம் பேசப் போகத்தான் கால் வரவில்லை. நீளக் கறுப்புக் கோட்டு, காலில் ஜோடு, தலையில் வெள்ளைவெளேரென்று மல் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகையில் ஒரு மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குத் தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள், மிஷனில் வளர்ந்தவர் என்பதற்கு மேல் ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு நாள் துணிந்து போய்க் கேட்டேவிட்டேன். என் காலைப் பார்த்தார். காலில் மண் இருந்தது.

“மண்ணு வெட்டுதவனுக்கு என் மகளக் குடுக்கதுக்கில்ல வே. எம்புள்ள காலுல மண்ணு படாம வளத்திருக்கேன். உம்ம பேருல சர்க்கார் கடுதாசி ஒண்ணு இருந்தா, கண்டிராக்டருன்னு நாலு பேர்ட்டச் சொல்லிக்கிடலாம். அசனத்துக்கு முன்ன கொண்டாரும். இல்லன்னா வேற எடம் பாத்துருவேன்” என்றார்.

அசனம் என்பது எங்கள் வேதக் கோயில்களில் வருஷத்துக்கு ஒரு முறை ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. அந்த வருஷம் அது மாசியில் வந்தது. ஆக, புத்தாண்டில் கையெழுத்து வாங்கினால்தான் அசனத்துக்குள் பெண் கேட்டுப் போக முடியும். கையெழுத்து வேண்டுமென்றால் தேரியில் புல் முளைக்க வேண்டும்.

தேரி மணலில் புல் நிற்காது, தண்ணீரை ஊற்றினால் ஊற்றின கையோடு குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் இருக்கும். மேலே நல்ல மண் பரப்பினால்தான் உண்டு. சீவலப்பேரியில் ஒரு விவசாயிக்கு மேட்டு வயல் ஒன்று இருந்தது. வாய்க்கால் தண்ணீர் அதில் ஏறாது. ஒரு சாண் மண்ணை வெட்டி எடுத்தால் அவருக்கு வயல் தாழும், எனக்கு வண்டல் கிடைக்கும். கார் அறுவடை முடிந்த கையோடு மண்ணை வெட்டி வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஆற்று மண், கறுப்பாக, வெண்ணெய் போல் இருந்தது. அந்த வயலிலேயே ஒரு மூலையில் களம் வைத்து நெற்கதிரைச் சூடடித்திருந்தார்கள் என்பதைப் பார்த்தேன். பார்த்து, நல்ல உரம் என்று அந்த மூலை மண்ணையும் சுரண்டி ஏற்றச் சொன்னேன்.

பங்களா முன்னால் அதைப் பரப்பி, சாத்தான்குளத்து ஆட்களை வைத்து அருகம்புல்லை வேரோடு வரிசை வரிசையாக நட்டேன். அவர்கள் நட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் பாய்ச்சவும் களை எடுக்கவும் சீவலப்பேரியிலிருந்தே நடவுப் பெண்கள் ஒரு கூட்டத்தைக் கூட்டி வந்தேன். அவர்களுக்கு ஒரு மூத்தவள் இருந்தாள். மற்றவர்கள் அவள் சொல்லைத்தான் கேட்பார்கள், என் சொல்லை அவள் கேட்டுச் சொன்னால் கேட்பார்கள். கமலையில் மாடு கட்டிக் காலையும் மாலையும் தண்ணீர் இறைத்தோம். அருகு பிடித்துக்கொண்டது. கூடவே, அதைவிட வேகமாக, நெல்லும் முளைத்து வந்தது. களத்து மண்ணில் உதிர்ந்து கிடந்த நெல் அத்தனையும் கூப்பிட்ட மாதிரி எழுந்து வந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் பயமில்லை. களைதானே, எடுத்தால் போயிற்று. குலசேகரன்பட்டினத்தில் தென்னங்கன்று பார்க்கப் போக வேண்டியிருந்தது. மூத்தவளைக் கூப்பிட்டு, “அக்கா, நான் வரதுக்குள்ள களைய ஒண்ணு விடாம எடுத்திருங்க” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தேன். துரைசானியின் சன்னல் திறந்திருந்தது. முன்னால் பச்சைப் பசேலென்று, கண்ணை எடுக்க முடியாத பச்சை. நாலெட்டு நடந்தேன். வேலி ஓரத்தில் என் அருகம்புல் முழுவதும் வேரோடு கட்டுக் கட்டாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தரையில் நின்றதெல்லாம் நெல்.

“என்னக்கா இது?”

“அருகு, மொதலாளி. வயலக் கெடுக்கதுக்குன்னே பொறந்த சவம். என்னமா ஓடிக் கெடந்துங்கிய. வேர வேரா நோண்டி எடுத்திருக்கோம். இனி பயிரு தாராளமா வரும்.”

“அதத்தான்க்கா நான் வச்சேன்.”

எனக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பவள் போல அவள் என் முகத்தைப் பார்த்தாள். “அருகப் போயி யாராவது வைப்பாவளா?” என்றாள். தலைமுறை தலைமுறையாக வயலில் அருகோடு மல்லுக்கட்டினவர்களிடம், களை எடு என்று சொல்லிவிட்டுப் போனது நான். அவர்கள் அவர்களுடைய வேலையைக் குறை சொல்ல முடியாதபடி செய்திருந்தார்கள். ஓர் அருகு வேர்கூட மிச்சமில்லை.

மறுபடி அருகு நட்டுப் பிடிக்கவைக்க நாள் போதாது. அதைவிட, துரைசானி வெளியே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நெல்லின் மேல் நடந்தாள். அவள் ஊர்ப் புல்கூட இந்தப் பச்சை இல்லை என்றாளாம், பட்லர் சொன்னான். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் வாயை மூடிக்கொண்டேன். வாரம் தவறாமல் பன்னரிவாளால் மட்டமாக அரிந்துவிட்டால் நெல்லும் புல்தானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். கொஞ்ச நாள் அது நன்றாகவே நடந்தது. எஞ்சினீயர் துரை மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் மனதுக்குள் கலியாணத்துக்கு வேட்டி எடுத்துவிட்டேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. தேரியில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. வேலையாட்கள் குடிசையைவிட்டு வரவில்லை, நான் பாளையங்கோட்டையில் மாட்டிக்கொண்டேன். மழை விட்டு வந்து பார்த்தால் நெல் முழங்காலைத் தாண்டி நின்றது. அரிய வேண்டியதுதான் என்று மூத்தவளிடம் சொன்னேன். அவள் ஒரு தாளைப் பிடித்து, தண்டு உப்பியிருந்த இடத்தைக் காட்டினாள்.

“பொதி கட்டிட்டு, மொதலாளி. சூலாயிருக்கு. இதுல எப்பிடி அருவா வைக்க?”

“அக்கா, புத்தாண்டுக்குப் பெரிய தொர வராவ. இது நிக்கக்கூடாது.”

“பெத்து எறக்கட்டும். பொறவு அறுத்துக்கிடலாம். அதுக்கு முன்ன எங்க கையால முடியாது. வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

கோபம் வந்தது. பன்னரிவாளை நானே வாங்கிக்கொண்டு குனிந்தேன். பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒரு பிடி பிடித்தேன். தண்டுக்குள்ளே இளங்கதிர் மெத்தென்று கைக்குத் தட்டுப்பட்டது. அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தேன். வேறு ஆளையும் தேடவில்லை. என் தொழிலில் இரக்கப்பட்டுக் கெட்டது அந்த ஒரு தடவைதான்.

எஞ்சினீயர் துரையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் தேரி நிறத்துக்கு வந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். “பள்ளிக்கூடம் பிள்ளைங்க பாட வருது இல்லே? எல்லாம் அதுமேலே நிக்கட்டும். மிதிச்சா படுத்துக்கும். பெரிய துரைக்குத் தெரியாது” என்றார். நல்ல யோசனைதான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர் தலைமையாசிரியர். பெண் கேட்ட மனிதன் பங்களா வாசலில் நெல் விளைத்து வைத்திருப்பதை அவர் வந்து பார்க்கப்போகிறார்.

புத்தாண்டன்று சாயங்காலம் பெரிய துரை வந்தார். நரைத்த மீசை, அதிகம் பேசாதவர். நாற்காலிகள் ஒரு பக்கம், தேநீர் மேசை ஒரு பக்கம். நெல் அதற்குள் கதிர் தள்ளிப் பூத்திருந்தது. கமலைப் பக்கம் சீவலப்பேரிப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், முன்னால் தலைமையாசிரியர், பின்னால் சின்னப் பெண்களைப் பிடித்துக்கொண்டு அவர் மகள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எஞ்சினீயர் துரை நெல்லைக் காட்டி, அங்கே நிற்கச் சொல்லிக் கையசைத்தார். தலைமையாசிரியர் விளிம்புவரை வந்தார். கீழே பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு குனிந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கால் ஜோட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, “லே, இங்கன மிதிக்கப்பிடாது. எல்லாரும் பைய அங்கன மணலுக்குப் போங்க” என்றார். வரிசை நெல்லைச் சுற்றிக்கொண்டு சிவப்பு மணலில் போய் நின்றது.

எஞ்சினீயர் துரை எழுந்து இங்கிலீஷில் இரைந்தார். தலைமையாசிரியர் இரையவில்லை. எனக்கு இங்கிலீஷ் காது பத்தாது. ஆனால் அவர் பேசும்போது கமலைப் பக்கம் நின்ற பெண்களைக் கையால் காட்டினார், ‘மதர்’ என்ற சொல்லைச் சொன்னார். அதைக் கேட்டதும் அவர் மகள் சட்டென்று தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் கேட்டதில்லை போலிருந்தது.

பெரிய துரை நெல்லின் ஓரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு என்னிடம் வந்தார். தலைமையாசிரியர்தான் மொழிபெயர்த்தார். இதை நீ பயிரிட்டாயா என்று கேட்கிறார் என்றார். “நான் அருகத்தான் வச்சேன். நெல்லு தானா வந்திட்டு” என்றேன். அதை அவர் இங்கிலீஷில் சொன்னபோது பெரிய துரையின் மீசை கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா, வேறேதுமா தெரியவில்லை. பிள்ளைகள் மணலில் நின்று பாடினார்கள். துரைசானி மட்டும் கடைசிவரை கைதட்டினாள். தேநீர் ஆயிற்று, வண்டி கிளம்பிற்று. கையெழுத்துப் போடவில்லை.

அந்தக் கையெழுத்து கோடை முடிந்து ஒரு நாள் தபாலில் வந்தது, நான் முதலில் சொன்ன வரியோடு. அன்றைக்கு எனக்கு அது தெரியாதே. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மனது விட்டுப்போயிற்று. போகும்போது தலைமையாசிரியர் ஜோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். வேறு இடம் பார்க்கப்போகிறேன் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். “அறுப்புக்குச் சொல்லி அனுப்பும்” என்றார். அவ்வளவுதான்.

தை முடியும்போது கதிர் பழுத்தது. சொல்லி அனுப்பினேன். காலையிலேயே வந்துவிட்டார், மகளும் கூட வந்தாள். கோட்டைக் கழற்றி நான் வைத்த அரளிச் செடியின் மேல் போட்டார். மூத்தவளிடம் ஒரு பன்னரிவாளைக் கேட்டு வாங்கினார். குனிந்து, ஒரு பிடியைச் சேர்த்துப் பிடித்து, அடியில் ஒரே இழுப்பு. வைத்துவிட்டு அடுத்த பிடி. பெண்களின் வரிசையோடு வரிசையாகப் போனார். மூத்தவள் கொஞ்ச நேரம் பக்கத்தில் அறுத்துக்கொண்டே பார்த்தாள்.

“அய்யா நம்ம பக்கமோ? இது வாத்தியாரு புடியா இல்லியே” என்றாள்.

அவர் நிமிரவில்லை. “சீவலப்பேரிதான், தாயி. எங்கம்ம ஒங்கள மாதிரி ஒரு கூட்டத்துலதான் நடவும் களையும்னு கெடந்தா. நான் அவ பக்கத்துல நின்னு அறுத்தவன்தான். அவ போன பொறவு மிஷன்ல சேத்துட்டாவ. கோட்டு போட்ட நாளுலேருந்து அந்தப் பக்கம் போவல.”

“அப்பிடியா” என்றாள் மூத்தவள். அடுத்த பிடியை அறுத்தாள்.

தண்ணீர்ச் செம்போடு நின்ற மகள் அதை அப்படியே மண்ணில் வைத்தாள். நானும் எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று கமலை மாட்டைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் அறுத்து முடித்தார். அந்த நெல்லை அசனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று துரைசானி சொல்லி அனுப்பியிருந்தாள். தலைமையாசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, “என்ன வே, அசனத்தன்னிக்கே ஓலை வாசிச்சிருவமா?” என்றார்.

ஓலை வாசிப்பது என்றால் கோயிலில் எல்லோர் முன்பும் கலியாணத்தை அறிவிப்பது. “லைசென்ஸ் இன்னும் வரலியே, அய்யா” என்றேன்.

“அது வந்தா வருது, வராட்டி கெடக்கு.”

கட்டு கட்டி முடிந்தது. பெண்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்து ஆளுக்கொரு கட்டாகத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார்கள். கடைசியாக ஒரு சின்னக் கட்டு கிடந்தது. மகள் தானே போய்க் குனிந்து அதைத் தூக்கப் பார்த்தாள். தலைக்குக் கீழே என்ன வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் தன் தலைப்பாகையில் கை வைத்தார். அந்த மல் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, உதறி, முறுக்கி, வட்டமாகச் சுருட்டினார். அவள் தலையில் வைத்து, மேலே கட்டைத் தூக்கி வைத்து, கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்ம இப்பிடித்தான் வைப்பா” என்றார்.

அவள் நடந்தாள். அவர் வெறுந்தலையோடு, வெறுங்காலோடு, அவள் பின்னாலேயே போனார்.